இரும்புக்கை மாயாவியும் எங்க ஊர் பம்புசெட்டும்!



போன மாதம் ராஜபாளையம் போகிற பஸ்சில் என் பக்கத்தில் ஒரு குட்டிப் பையன் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் வகுப்பு படிப்பானாம். பனியனில் ஸ்பைடர்மேன் படம், பையில் ஸ்பைடர்மேன் படம், தண்ணீர் பாட்டிலிலும் அதே ஸ்பைடர்மேன்!

''உனக்கு ரொம்பப் பிடிச்ச ஹீரோவாப்பா?'' என்று கேட்டேன்.

''ஆமா பாட்டி. உங்க காலத்துல எல்லாம் சூப்பர் ஹீரோ கிடையாதுல்ல?'' என்றான் பாவமாக.

எனக்கு வந்ததே கோபம்!

''ஏன் கிடையாது? உங்க ஸ்பைடர்மேன் அமெரிக்காவுல 1962 ஆகஸ்ட் மாசம் பிறந்தார். எங்க ஹீரோ அதே வருஷம் அக்டோபர் மாசம் லண்டன்ல பிறந்தார். ரெண்டு மாசம்தான் வித்தியாசம். ஆனா எங்க ஹீரோ தமிழ் பேசினது சிவகாசியில. நம்ம ஊர்ல இருந்து ஒரு மணி நேர பஸ் பயணம்!'' என்றேன்.

பையன் நம்பவில்லை. அவன் இறங்க வேண்டிய நிறுத்தமும் வந்துவிட்டது. பாதியில் நின்ற கதையை உங்களுக்காவது முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

என் ஊர் மம்சாபுரம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தை ஒட்டிய ஊர். தென்னை, மாமரம், நெல் வயல், கிணறு, கிணற்றுக்கு ஒரு பம்புசெட். இதுதான் நாங்கள் வளர்ந்த இடம். இப்போது விருதுநகர் மாவட்டம். நான் சொல்லப் போகிற காலத்தில் ராமநாதபுரம் மாவட்டம்.

1972ம் ஆண்டு. எனக்கு வயது பதினொன்று. என் தாய்மாமா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தார். ஊருக்கு வரும்போதெல்லாம் தீப்பெட்டி லேபிள்களைக் கற்றையாகக் கொண்டு வருவார். சேவல், மயில், ரோஜாப்பூ... கலர் கலராக இருக்கும். நானும் தம்பியும் சண்டை போட்டுப் பிரித்துக்கொள்வோம்.

அந்த வருஷம் சித்திரை மாதம் மாமா வந்தபோது லேபிள் இல்லை. ஒரு புத்தகம் இருந்தது.

அட்டையில் கலர் படம். மேலே, 'இரும்புக்கை மாயாவி' என்று எழுதியிருந்தது.

''படிச்சுட்டு பத்திரமா வை தாயி. இன்னும் நிறைய வரும்'' என்றார்.

* * *

யார் அந்த மாயாவி?

அவர் பெயர் லூயிஸ் கிராண்டேல். பேராசிரியர் பாரிங்கர் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். முன்பே ஒரு விபத்தில் வலது கையை இழந்தவர். அதற்குப் பதிலாக இரும்பால் செய்த கை பொருத்தியிருப்பார்கள். ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் எந்திரம் வெடித்து, பயங்கரமான மின்சாரம் அவர் உடலில் பாய்கிறது. புகை அடங்கியதும் பார்த்தால்... ஆளைக் காணோம்! இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கிறது!

அதன்பின் எப்போதெல்லாம் மின்சாரம் உடலில் பாய்கிறதோ, அப்போதெல்லாம் அவர் மறைந்து விடுவார். கை மட்டும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து மின்சாரத்தின் வேகம் குறைந்ததும் மறுபடி உருவம் வந்துவிடும். திருடர்கள் கூட்டத்துக்கு நடுவே நிற்கும்போது இப்படி உருவம் வரத் தொடங்கினால் எப்படி இருக்கும்? படிக்கிற நமக்கு வியர்த்துவிடும்.

இன்னொரு விஷயம் கேளுங்கள். ஆரம்பத்தில் இந்த மாயாவி நல்லவர் இல்லை! யார் கண்ணுக்கும் தெரியாத சக்தி கிடைத்ததும், 'இனி என்னை யார் பிடிக்க முடியும்' என்ற ஆணவம் வந்து கொள்ளையடிக்கக் கிளம்பிவிடுவார். பிற்பாடுதான் மனம் மாறி, 'நிழற்படை' என்ற உளவுப் படையில் சேர்ந்து உலகத்தைக் காப்பாற்றுவார். அந்தக் கட்டத்தில் அவருடைய இரும்புக்கையே ஒரு ஆயுதச்சாலை ஆகிவிடும். ஒரு விரலில் துப்பாக்கி, கைக்குள்ளேயே ரேடியோ என்று விதவிதமாக இருக்கும். செல்போனை எல்லாம் கனவில்கூடப் பார்க்காத எங்களுக்கு, விரலைக் காதருகே வைத்து மேலதிகாரியோடு பேசுகிற மனிதர் எவ்வளவு பெரிய ஆள் என்று நினைத்துப் பாருங்கள்.

பிறந்தது முதல் நல்லவராகவே இருக்கும் ஹீரோவை விட, தப்பு செய்து திருந்திய இந்த மனிதரைத்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

இந்தக் கதையை முதலில் வெளியிட்டது, 'வேலியன்ட்' என்ற ஆங்கில வாரப் பத்திரிகை. 1962 அக்டோபர் 6ம் தேதி வெளியான முதல் இதழிலேயே மாயாவி வந்துவிட்டார். வாரத்துக்கு இரண்டு பக்கம்தான். லண்டன் பிள்ளைகள் அடுத்த வாரம் வரை நகம் கடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்! தொடக்கத்தில் எழுதியவர் கென் புல்மர். விஞ்ஞானக் கதைகள் எழுதுகிறவர். பிறகு டாம் டல்லி என்பவர் எழுதினார். படம் போட்டவர் ஜீசஸ் பிளாஸ்கோ. இவர் இங்கிலாந்துக்காரர் இல்லை, ஸ்பெயின் நாட்டுக்காரர். பார்சிலோனா நகரத்தில் பிறந்தவர். இருட்டையும் வெளிச்சத்தையும் இவர் போடுகிற அழகு இருக்கிறதே... சுவரில் விழும் நிழலைப் பார்த்தாலே ஆபத்து வருகிறது என்று புரிந்துவிடும்.

ஸ்பெயின்காரர் படம், லண்டன் பத்திரிகை, சிவகாசி அச்சு, மம்சாபுரம் திண்ணை. எத்தனை கடல் தாண்டி வந்திருக்கிறது பாருங்கள்!

* * *

சிவகாசிக்கு எப்படி வந்தார்?

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1920களில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கோல்கட்டாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டி வந்தது, பட்டாசு வந்தது. தீப்பெட்டி என்றால் மேலே ஒட்ட லேபிள் வேண்டும் அல்லவா? லேபிளுக்காக அச்சகங்கள் வந்தன. மழை குறைவான, காய்ந்த ஊர். தீக்குச்சி உலரவும், அச்சடித்த காகிதம் உலரவும் அது வசதியாகப் போயிற்று. பிறகு காலண்டர், டைரி, பாடப்புத்தகம் என்று வளர்ந்து, 'குட்டி ஜப்பான்' என்ற பெயரும் வாங்கிவிட்டது.

அந்த ஊரில்தான் சவுந்தரபாண்டியன் என்பவர், 1972 ஜனவரியில் 'முத்து காமிக்ஸ்' தொடங்கினார். முதல் இதழே இரும்புக்கை மாயாவிதான். முதல் ஆசிரியர், சிறுவர் கதைகள் எழுதிய முல்லை தங்கராசன். 'ஸ்டீல் கிளா' என்ற ஆங்கிலப் பெயரை அப்படியே மொழிபெயர்த்தால், 'எஃகு நகம்' என்றல்லவா வரும்? 'இரும்புக்கை மாயாவி' என்று வைத்தார்கள் பாருங்கள்... அதுதான் திறமை! மாயாவி என்ற ஒரு சொல் போதும், தமிழ்ப் பிள்ளைக்கு மயிர்க்கூச்செறியும்.

ஒரு சின்ன கணக்கு சொல்கிறேன். ஆங்கிலத்தில் 'ஹெல்ப்' என்று எழுத நான்கு எழுத்து. அதே இடத்தில் தமிழில், 'காப்பாற்றுங்கள்' என்று எழுத வேண்டும். எண்ணிப் பாருங்கள், எட்டு எழுத்து! படத்தில் மனிதர்கள் பேசுவதைக் காட்டும் வட்டம் இருக்கிறதே, அது ஆங்கிலத்துக்கு அளவெடுத்துப் போட்டது. அந்தச் சின்ன வட்டத்துக்குள் தமிழை அடக்க வேண்டுமானால் வாக்கியம் நறுக்கென்று இருக்க வேண்டும். வளவளவென்று எழுதவே முடியாது. கட்டுரைப் பயிற்சி நோட்டில் பக்கம் பக்கமாக இழுக்கும் என் மாணவர்களிடம், ''மாயாவி பேசற மாதிரி எழுதுங்கடா'' என்று நான் சொன்னதுண்டு.

* * *

புத்தகம் ஒன்றுதான். படிக்கிற ஆள் நிறைய. எங்கள் தெருப் பையன்கள் பெண் பிள்ளைகளை விளையாட்டில் சேர்க்க மாட்டார்கள். ஆனால், அவர்களில் பாதிப்பேருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். எனக்கு மளமளவென்று வரும். ஆகவே, தெருவிளக்கின் அடியில் என்னை நடுவில் உட்கார வைத்து, சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். வில்லனுக்குக் கரகரத்த குரல், பேராசிரியருக்கு இருமல் குரல், மாயாவிக்குக் கம்பீரமான குரல் என்று மாற்றி மாற்றிப் படிப்பேன். நான் பிற்காலத்தில் டீச்சர் ஆனதற்கு அந்தத் தெருவிளக்கும் ஒரு காரணம்.

தெருவில் படிப்பது வேறு. வீட்டில் படிப்பது வேறு.

என் தம்பிக்கு அப்போது எட்டு வயது. படிப்பு அவ்வளவாக ஏறாது. இருட்டினால் தெருவுக்கு விட மாட்டார்கள். அதனால், ''யக்கா... யக்கா... எனக்குப் படிச்சுக் காட்டுக்கா'' என்று என் பாவாடையைப் பிடித்துக்கொண்டே திரிவான்.

நான் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒரு நாளைக்கு நான்கு பக்கம்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அதுவும் சும்மா இல்லை. என் பங்கு வேலையை அவன் செய்ய வேண்டும். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். சாணி அள்ள வேண்டும். குடம் குடமாகத் தண்ணீர் எடுத்து வர வேண்டும். நான்கு பக்கம் முடிந்ததும் புத்தகத்தை 'டப்' என்று மூடி, உறிப்பானைக்குள் வைத்துவிடுவேன். எட்டாது அவனுக்கு.

ஒருநாள் சாயங்காலம், கதையைப் பாதியில் நிறுத்தியபோது கேட்டான்...

''யக்கா, நெசமாவே கரண்டு பட்டா மறைஞ்சிருவாங்களா?''

எனக்கு அன்று தொட்டி நிரப்ப வேண்டிய முறை. அவனை நிரப்ப வைக்க வேண்டும்.

''ஆமாடா. ஆனா வீட்டுல இருக்கற கரண்டு பத்தாது. பெரிய கரண்டா இருக்கணும். தண்ணி எடுத்துட்டு வா, மீதியச் சொல்றேன்'' என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். சொன்னதை அப்போதே மறந்தும் போனேன்.

மே மாத லீவு. தம்பி பழைய பவுடர் டப்பாத் தகரத்தை வெட்டி, மடக்கி, வலது கையில் மாட்டிக்கொள்கிற மாதிரி ஓர் உறை செய்திருந்தான். எங்கள் தோட்டத்தில் பம்புசெட் ரூம் இருந்தது. மோட்டாருக்கு வருவது 440 வோல்ட் மின்சாரம். வீட்டில் விளக்கெரிக்கிற மின்சாரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. யாரும் இல்லாத மத்தியான நேரம் பார்த்து உள்ளே போயிருக்கிறான். சுவிட்சு போர்டில் பியூஸ் கட்டையைப் பிடுங்கின இடத்தில் அந்தத் தகரக் கையை நீட்டியிருக்கிறான்.

நல்லவேளை... அடுத்த தோட்டத்துப் பெரியவர் ஒருவர் பீடி பற்ற வைக்க நெருப்புக் கேட்டு வந்தார். அலறல் கேட்டு ஓடிப் போய்ப் பார்த்தவர், பையனைத் தொடவில்லை. மூலையில் கிடந்த காய்ந்த மண்வெட்டிக் காம்பால் அவன் கையைத் தட்டிவிட்டு, பிறகு மெயினை அணைத்தார். பள்ளிக்கூடமே போகாத மனிதர். அவருக்கு அந்த விவரம் தெரிந்திருந்ததால் என் தம்பி பிழைத்தான்.

குழந்தைகளே, இதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மின்சாரம் பாயும்போது நம் தசைகள் இறுகிக்கொள்ளும். விட்டுவிட நினைத்தாலும் விரல் விரியாது. அப்படி ஒருவர் மாட்டிக்கொண்டால் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுப்பவருக்கும் பாயும். முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் விலக்க வேண்டும். அதுவும் பெரியவர்கள் செய்கிற வேலை. நீங்கள் செய்ய வேண்டியது, ஓடிப் போய்ப் பெரியவர்களைக் கூப்பிடுவது.

மறைவது என்பது நடக்கிற காரியமும் இல்லை. ஒரு பொருள் மேல் பட்ட வெளிச்சம் திரும்பி நம் கண்ணுக்கு வருவதால்தான் அந்தப் பொருள் தெரிகிறது. ஒரு மனிதன் மறைய வேண்டுமானால், வெளிச்சம் அவனுக்குள் புகுந்து அப்படியே மறுபக்கம் போய்விட வேண்டும். அப்படிப் போனால் அவன் கண்ணுக்குள் உள்ள விழித்திரையிலும் வெளிச்சம் தங்காது. அதாவது, மறைந்த மனிதன் குருடனாகிவிடுவான்! 1897ல், எச்.ஜி. வெல்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் மறைந்த மனிதனைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். அந்தக் காலத்திலிருந்தே கதைக்காரர்கள் இந்த இடத்தைக் கண்டும் காணாமல் தாண்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கதை என்றால் அப்படித்தான். இதையெல்லாம் பிற்பாடு வகுப்பில் நான் சொல்லியிருக்கிறேன். சொல்ல வேண்டிய நாளில், சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லவில்லை.

தம்பி ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் இருந்தான். வலது உள்ளங்கை வெந்துவிட்டது. இரண்டு விரல்கள் மடங்காமலே போய்விட்டன.

வீட்டில் விசாரணை நடந்தது.

''எவன்டா சொல்லிக் குடுத்தது இவனுக்கு?'' என்று அப்பா கத்தினார்.

நான் சொன்னேன்... ''அந்தப் புஸ்தகத்துல போட்டிருக்குப்பா.''

பொய் இல்லை. போட்டுத்தான் இருந்தது. அப்பத்தா ஒன்றும் பேசாமல் உறிப்பானையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். வாசலில் நெல் அவித்துக்கொண்டிருந்த அடுப்பில் போட்டாள். அட்டை சுருண்டு சுருண்டு எரிந்ததை நான் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மாமாவுக்கும் திட்டு. அதற்கப்புறம் அவர் லேபிள்கூடக் கொண்டு வருவதில்லை.

* * *

எரித்துவிட்டால் ஆசை போய்விடுமா? போகவில்லை. சினேகிதி வீட்டில், கடைத் திண்ணையில், பழைய பேப்பர் கடையில் என்று ஒளிந்து ஒளிந்து படித்தேன். உறைபனி மர்மம், நாச அலைகள், பாம்புத்தீவு, பாதாள நகரம், இயந்திரத் தலை மனிதர்கள்... பெயர்களைச் சொல்லும்போதே அந்தக் காகித வாசனை வருகிறது. வீட்டுக்கு மட்டும் ஒன்றைக்கூடக் கொண்டு போனதில்லை. தம்பி இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தான். தெருப் பையன்கள் அவனுக்கு, 'இரும்புக்கை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவன் சிரித்துக்கொள்வான். எனக்குத்தான் அந்தப் பெயரைக் கேட்டால் வயிற்றைப் பிசையும்.

வருஷங்கள் ஓடின. ஆசிரியர் பயிற்சி முடித்து, தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்குள் சவுந்தரபாண்டியனின் மகன் விஜயன், இருபது வயதுகூட நிரம்பாத இளைஞர், 1984 ஜூலையில், 'லயன் காமிக்ஸ்' தொடங்கிவிட்டார். முதல் இதழ், 'கத்தி முனையில் மாடஸ்டி.' அதே ஆண்டில், 'ராணி காமிக்சும்' வந்தது. கடையில் தோரணம் தோரணமாகத் தொங்கும்.

லயனில் வந்த ஹீரோக்களில் பிள்ளைகளைப் பைத்தியமாக அடித்தவர் ஸ்பைடர். உங்கள் ஸ்பைடர்மேன் இல்லை, இவர் வேறு! கூர்மையான காது, வலை வீசும் துப்பாக்கி. இவரும் இங்கிலாந்து இறக்குமதிதான். 1965ல், அந்த ஊரில் வந்த 'லயன்' என்ற வாரப் பத்திரிகையில் பிறந்தவர். இவரும் ஆரம்பத்தில் வில்லன்! 'குற்றவாளிகளுக்கெல்லாம் நானே ராஜா' என்று கிளம்பியவர். பிறகு அவருக்குக் கதை எழுத வந்தவர் யார் தெரியுமா? ஜெர்ரி சீகல். 1938ல், தன் நண்பர் ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கிய அதே மனிதர்! உலகத்துக்கே முதல் சூப்பர் ஹீரோவைக் கொடுத்தவர் எழுதிய கதையைத்தான், நம் பிள்ளைகள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

என் நான்காம் வகுப்பில் ஒரு பையன். தமிழ்ப் பாடத்தை எழுந்து படிக்கச் சொன்னால் நெளிவான். 'ப... ட... ம்' என்று ஓர் எழுத்துக்கு ஒரு நிமிஷம் ஆகும். ஒருநாள் பார்க்கிறேன், குனிந்த தலை நிமிரவில்லை. உதடு மட்டும் அசைகிறது. போய்ப் பார்த்தால் புத்தகத்துக்குள் ஸ்பைடர்!

பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். பையன் அழவில்லை. ''டீச்சர், அது வாடகைப் புஸ்தகம்'' என்று மட்டும் சொன்னான்.

அன்று சாயங்காலம் பீரோவைத் திறந்து, யாரும் இல்லாத வகுப்பறையில் உட்கார்ந்து நானே அதைப் படித்தேன். வீட்டுக்குப் போக இருட்டிவிட்டது. அவன் உதடு அசைந்ததே... படம் பார்க்கிறவனுக்கு உதடு ஏன் அசைய வேண்டும்? அவன் படித்துக்கொண்டிருந்தான்!

மறுநாள் அவனைக் கூப்பிட்டு, ''புத்தகத்தைத் தர்றேன். ஆனா நீ சத்தமா எல்லாருக்கும் படிச்சுக் காட்டணும்'' என்றேன். திக்கித் திக்கித்தான் படித்தான். ஆனால், விடவில்லை. ஒவ்வொரு வட்டத்திலும் நாலைந்து சொல்தான். தெரியாத சொல் வந்தால் படத்தைப் பார்ப்பான், சொல் பிடிபட்டுவிடும். வருஷக் கடைசியில் பாடப்புத்தகமும் படித்தான். அதற்காக, காமிக்ஸ் படித்தால் எல்லாருக்கும் படிப்பு வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அதே வகுப்பில் இன்னொரு பையன் காமிக்சில் படம் மட்டும் பார்த்துப் பார்த்து பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தான். அவனை எழுத்துக்குக் கொண்டு வர நான் பட்ட பாடு தனிக்கதை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வகுப்பில் காமிக்ஸ் படிக்கவிட்ட முதல் நாளே நான் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்பேன். ''இதுல எது கதை? எது நெசம்?'' என்று. கரண்டைப் பற்றித்தான் முதலில் கேட்பேன். எதற்காகக் கேட்கிறேன் என்று அவர்களுக்குச் சொன்னதில்லை.

* * *

'வேலியன்ட்' பத்திரிகை 1976ல் நின்றுபோனது. பிறந்த ஊரில் பத்திரிகையே இல்லை. மாயாவி மட்டும் தமிழ்நாட்டில் சாகாமல் இருந்தார். நடுவில் இங்கேயும் சிரமம் வந்தது. டி.வி. வந்தது, கம்ப்யூட்டர் விளையாட்டு வந்தது. ராணி காமிக்ஸ் நின்றது. லயனும் முத்துவும் எப்போது வரும் என்று தெரியாமல் இருந்த காலமும் உண்டு. 2012 ஜனவரியில் லயன் புது உற்சாகத்தோடு திரும்பி வந்தது. 2022ல், முத்து காமிக்சுக்கு ஐம்பது வயது ஆனது. பழைய மாயாவி கதைகள் மறுபதிப்பாக, நல்ல தாளில் வந்தன. தலை நரைத்தவர்கள் புத்தகக் கண்காட்சியில் வரிசையில் நின்று வாங்குவதைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன்.

அப்படி நின்று வாங்கியதுதான், 'இரும்புக்கை மாயாவி.' அப்பத்தா எரித்த அதே கதை.

பையில் வைத்து ஊருக்குக் கொண்டு போனேன். தம்பிக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. அதே தோட்டத்தைத்தான் பார்க்கிறான். பம்புசெட் ரூம் வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே புது மோட்டார்; சுவிட்சு போர்டுக்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டு தொங்கியது.

புத்தகத்தை அவன் மடியில் வைத்தேன். அட்டையை அந்த மடங்காத விரல்களால் தடவினான். வெகுநேரம் பேசவில்லை.

நான்தான் ஆரம்பித்தேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் தொண்டையில் நின்ற சங்கதி.

''தம்பி... அன்னிக்கு பெரிய கரண்டு வேணும்னு சொன்னது புஸ்தகம் இல்லடா. நான்தான் சொன்னேன். தண்ணி எடுக்க வைக்கறதுக்காகச் சொன்னேன். அப்பாகிட்ட புஸ்தகத்து மேல பழியப் போட்டுட்டேன்.''

''தெரியும்க்கா'' என்றான்.

''தெரியுமா? அப்ப ஏன்டா சொல்லல?''

''சொல்லியிருந்தா உன்னையில்ல அடிச்சிருப்பாக? புஸ்தகத்துக்கு வலிக்கவா போகுது?''

எனக்குப் பேச்சு வரவில்லை. அவனே தொடர்ந்தான்.

''எனக்கு அதுல ஒரே ஒரு வருத்தந்தான்க்கா. பாதியில நிப்பாட்டிட்ட. மறைஞ்சவன் ஊரைக் கொள்ளையடிக்கக் கிளம்புவான். அதோட பானைக்குள்ள வச்சுட்ட. மீதிய வேற ஆளுக சொல்லிக் கேட்டுட்டேன். ஆனா நீ படிக்கற மாதிரி வரல.''

''இப்பத்தான் கையில இருக்கே... நீயே படியேன்டா.''

''கண்ணாடி கொண்டு வரல'' என்றான்.

கண்ணாடி அவன் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் பார்த்ததை அவனும் பார்த்தான். கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டான். பேத்தி ஓடி வந்து அவன் முதுகில் சாய்ந்துகொண்டாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிறுத்தின பக்கத்தைத் தேடிப் பிடித்தேன்.

''நாலு பக்கந்தானா?'' என்று கேட்டான் தம்பி.

''மோட்டாரைப் போட்டுத் தொட்டிய நிரப்பிட்டு வா, சொல்றேன்'' என்றேன்.